‘நெகட்டிவ்’ வந்த பிறகு நுரையீரலில் நடப்பது என்ன?

காற்றுக் கசிவு, ரத்தக்கட்டி, பூஞ்சை, தழும்பு... கடும் வைரஸ் நிமோனியாவின் இரண்டாம் பாதியைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியவை

2020 ஆகஸ்ட் 5. லேசான காய்ச்சல், சளி, நெஞ்சில் சிறு அடைப்பு என்று பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவரே வீடியோவில் பேசினார். ஆகஸ்ட் 13-ம் தேதி இரவு நிலைமை மோசமானது. தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர், அதன்பின் உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவி என்று சிகிச்சை நீண்டது. செப்டம்பர் முதல் வாரம் முடிந்தபோது, கொரோனா பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்துவிட்டது என்று அவருடைய மகன் சரண் அறிவித்தார். தமிழ்நாடே ஆறுதல் அடைந்தது. ஆனாலும் கருவிகளின் துணையை விட்டு அவரால் வெளியே வர முடியவில்லை. செப்டம்பர் 25 அன்று மறைந்தார்.

“நெகட்டிவ்தான் வந்துவிட்டதே, பிறகு ஏன்?” அன்று வீடுதோறும் எழுந்த கேள்வி இது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், எண்ணற்ற குடும்பங்கள் இதே கேள்வியோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றன.

மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் மாதிரியில் வைரஸ் இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே அந்தப் பரிசோதனை சொல்லும். நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று அது சொல்லாது. கடும் வைரஸ் நிமோனியாவில் ஆபத்து இரண்டு பாதிகளாக வருகிறது. முதல் பாதி வைரஸின் வேலை. இரண்டாம் பாதி, வைரஸ் போன பிறகு பழுதுபட்ட நுரையீரலுக்குள் நடப்பது. முதல் பாதியைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லப்பட்டது. இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் போதிய அளவு சொல்லவில்லை. கொரோனாவோடு முடிந்துபோன விஷயமும் அல்ல இது. இன்ஃப்ளுயன்ஸா, சார்ஸ் என்று நுரையீரலின் அடியாழம்வரை இறங்கும் எந்த வைரஸும் இதே சிக்கல்களைக் கொண்டுவரக் கூடும்.

நுண்ணறைகளுக்கு என்ன ஆகிறது?

ஒரு மனிதனின் இரு நுரையீரல்களிலும் சேர்த்துச் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் நொடியில் ரத்தத்துக்குள் போகிறது. எளிதில் சேதமாவதற்கும் அதே மெல்லிய தன்மைதான் காரணம்.

இந்த அறைகளின் சுவரில் இரண்டு வகை செல்கள் உண்டு. அவற்றில் இரண்டாம் வகை செல்கள் ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற வழுவழுப்பான பொருளைச் சுரக்கின்றன. மூச்சை வெளியே விடும்போது அறைகள் ஒட்டிச் சுருங்கிவிடாமல் காப்பது அதுதான். கொரோனா வைரஸ் குறிவைத்து நுழைவது இந்த இரண்டாம் வகை செல்களுக்குள். செல்கள் மடியும்போது சர்ஃபாக்டன்ட் குறைகிறது, அறைகள் சுருங்குகின்றன, ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் உள்ளே கசிகின்றன. எதிர்ப்புச் சக்தியும் ஆவேசமாக வந்து, வைரஸோடு சேர்த்துச் சுவரையும் தாக்குகிறது.

1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் மருத்துவர்கள் ஆஷ்பாவும் பெட்டியும் தம் குழுவினருடன் 12 நோயாளிகளை ஆராய்ந்து, வெவ்வேறு காரணங்களால் நுரையீரல் இப்படி விறைத்து நீர் கோத்துப்போகும் நிலையை விவரித்தார்கள். இன்று அதை ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ என்கிறோம். கடும் வைரஸ் நிமோனியா வந்து சேரும் இடம் இதுதான்.

இந்தச் சேதம் நுரையீரல் முழுக்க ஒரே மாதிரி பரவுவதில்லை. ஒரு பகுதி கல்லாக இறுகியிருக்கும். பக்கத்திலேயே இன்னொரு பகுதி ஓரளவு நன்றாக இருக்கும். இழுக்கிற மூச்சு முழுவதும் அந்த நல்ல பகுதிக்குள்தான் போகும். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி இதைக் ‘குழந்தை நுரையீரல்’ என்று அழைத்தார். பெரியவரின் மார்புக்குள் காற்று வாங்க மிஞ்சியிருப்பது ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுதான். பெரியவருக்கான காற்று அத்தனையையும் அது தாங்க வேண்டியிருக்கிறது. பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

நெஞ்சுக்குள் கசியும் காற்று

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் உறவினர்கள் சிலர் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய நாள்வரை மெலிந்திருந்த நோயாளியின் கழுத்தும் கன்னங்களும் திடீரென்று ஊதிப்போயிருக்கும். கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு இமைகள் வீங்கியிருக்கும். தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று இருக்கும். வீக்கத்துக்குக் காரணம் நீரல்ல, நுரையீரலிலிருந்து தப்பி வந்த காற்று.

தப்பிய காற்று மூன்று இடங்களில் தேங்கலாம். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே தேங்கினால் அது நியூமோதோராக்ஸ். இரு நுரையீரல்களுக்கும் நடுவே, இதயமும் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் இருக்கும் நடுமார்பில் சேர்ந்தால் நியூமோமீடியாஸ்டினம். அங்கிருந்து கழுத்து வழியாக ஏறித் தோலுக்கடியில் பரவினால், முன்பு சொன்ன அந்த வீக்கம்.

நுரையீரலின் உள்ளே உடைந்த அறையிலிருந்து காற்று எப்படிக் கழுத்துவரை வருகிறது? கனடாவின் உடற்கூறியல் ஆய்வாளர் சார்லஸ் மேக்லின் 1939-ல் இதற்கு விடை கண்டார். 1944-ல் தம் மனைவி மேட்ஜ் மேக்லினுடன் சேர்ந்து அதை விரிவாக எழுதினார். நுண்ணறை உடையும்போது காற்று, பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்குள் புகுகிறது. அந்த உறையின் வழியே ஊர்ந்து ஊர்ந்து நடுமார்பை அடைகிறது. அங்கே அழுத்தம் கூடினால் கழுத்துக்கு ஏறுகிறது, அல்லது நடுமார்பின் உறையைக் கிழித்துக்கொண்டு நுரையீரலைச் சுற்றிய இடைவெளிக்குள் பாய்கிறது. இந்த வழித்தடத்தை இன்றும் மருத்துவர்கள் ‘மேக்லின் விளைவு’ என்றே சொல்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் ரத்தக்குழாயை ஒட்டிக் கருங்கோடாகத் தெரியும் காற்றைப் பார்த்தே, கசிவு வரப்போகிறது என்று முன்கூட்டி எச்சரிக்கையாகும் மருத்துவர்கள் உண்டு.

வென்டிலேட்டரின் அழுத்தம்தான் நுரையீரலைக் கிழிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை அதுவல்ல. 2003-ல் ஹாங்காங்கில் சார்ஸ் பரவியபோது, ஒரு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 356 சார்ஸ் நோயாளிகளில் 6 பேருக்குத் தானாகவே நியூமோதோராக்ஸ் ஏற்பட்டது. அந்நகரின் இன்னொரு மருத்துவமனையில் 112 பேரில் 13 பேருக்கு நடுமார்பில் காற்று கசிந்தது. அவர்களுக்குக் கசிவு தென்பட்டது, நோய் தொடங்கிச் சராசரியாக மூன்று வாரத்தை நெருங்கும் நாட்களில். வைரஸின் ஆவேசம் அடங்கும் காலம் அது.

கொரோனா காலத்தில் பிரிட்டனில் 16 மையங்களிலிருந்து 71 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். 60 பேருக்கு நியூமோதோராக்ஸ். 11 பேருக்கு நடுமார்பில் மட்டும் காற்று. வென்டிலேட்டரே வைக்கப்படாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். பின்னர் 53 மருத்துவமனைகளில் 58,484 கொரோனா உள்நோயாளிகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்றில், 377 பேருக்கு நியூமோமீடியாஸ்டினம் காணப்பட்டது. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த 377 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் 120 நாட்களுக்குள் இறந்தார்கள். கசிந்த காற்றே அவர்களைக் கொன்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்த நுரையீரல் மிக மோசமாகச் சிதைந்திருந்ததோ, அதிலிருந்துதான் காற்று கசிந்தது.

வென்டிலேட்டர் இல்லாமல் ஏன் கிழிகிறது? நோயாளியின் சொந்த மூச்சே காரணம். ஆக்சிஜன் போதாதபோது மூளை, ‘இன்னும் இழு, இன்னும் இழு’ என்று மார்புத் தசைகளை விரட்டுகிறது. நிமிடத்துக்கு 35, 40 முறை முழு பலத்தோடு இழுக்கப்படும் மூச்சு, மிஞ்சியிருக்கும் குழந்தை நுரையீரலை அளவுக்கு மீறி விரிக்கிறது. இடையிடையே வரும் கடும் இருமல் உள்ளழுத்தத்தைத் திடீரென்று கூட்டுகிறது. வெயிலில் கிடந்து வெடிப்புவிட்ட சைக்கிள் ட்யூபைப் போல, அழற்சியால் நைந்த சுவர் எங்கோ ஒரு புள்ளியில் விட்டுவிடுகிறது. இதனால்தான், ‘ஆள் நன்றாகப் பேசுகிறார், மூச்சுதான் கொஞ்சம் வேகமாக இருக்கிறது’ என்ற நிலையை அனுபவமுள்ள மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. நோயின் மூன்றாவது, நான்காவது வாரத்தில் நுரையீரலின் ஓரங்களில் காற்று நிறைந்த கொப்புளங்கள் உருவாகலாம். பெரும்பாலும் அவை சத்தமில்லாமல் வற்றிவிடும். சில உடைந்துவிடும். வீட்டுக்குத் திரும்பி, நடமாடத் தொடங்கியவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலியும் மூச்சுத்திணறலும் வருவது அப்படித்தான்.

நடுமார்பில் மட்டும் தேங்கிய காற்றைப் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஓய்வும் ஆக்சிஜனும் கவனமும் போதும். சில வாரங்களில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். நியூமோதோராக்ஸ் பெரிதாக இருந்தால், விலா எலும்புகளுக்கிடையே குழாய் செருகி, அதன் மறுமுனையை நீர் நிரப்பிய குப்பியில் அமிழ்த்தி வைப்பார்கள். உள்ளேயிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. மிக ஆபத்தானது, காற்று ஒரு வழியாக மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போய் இதயத்தை நசுக்கும் ‘டென்ஷன் நியூமோதோராக்ஸ்’. ரத்த அழுத்தம் சரியும். எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்க நேரமிருக்காது. ஊசியால் உடனே காற்றை வெளியேற்றினால்தான் உயிர் தங்கும்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. பிரிட்டனின் முதல் ஆய்வில், நியூமோதோராக்ஸ் வந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 28 நாட்களைக் கடந்து உயிரோடு இருந்தார்கள். நெஞ்சில் குழாய் போட்டுவிட்டார்கள் என்றால் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் மனம் உடையத் தேவையில்லை.

மென்மையே மருந்து

பழுதுபட்ட நுரையீரலை நல்ல நுரையீரல் போல நடத்தினால் அது கிழியும். மருத்துவம் இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆனது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் நிறையக் காற்றைச் செலுத்துவது ஒரு காலத்தில் வழக்கம். 2000-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை மாற்றியது. 861 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடல் உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மி.லி. காற்று, இன்னொரு பிரிவுக்கு 6 மி.லி. மட்டும். நிறையக் காற்று தரப்பட்டவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். குறைவாகத் தரப்பட்டவர்களில் 31 சதவீதம்.

2013-ல் பிரான்ஸின் மருத்துவர் கெரான் தலைமையில் நடந்த ஆய்வு, கடும் நிலையில் வென்டிலேட்டரில் இருப்பவர்களை நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தால் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. முதுகுப்புறம் நசுங்கிக் கிடக்கும் அறைகள் திறக்கின்றன, மூச்சின் பாரம் நுரையீரல் முழுக்கச் சமமாகப் பங்கிடப்படுகிறது. புது மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. குழாய்கள் கழன்றுவிடாமல் ஒருவரைப் புரட்டிப் போட நாலைந்து பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். இரண்டாம் அலையில் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் குளித்தபடி, நாளுக்குப் பலமுறை இந்த வேலையைச் செய்த செவிலியர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

ரத்தத்தில் உறையும் ஆபத்து

2020 வசந்த காலத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கொரோனாவால் இறந்த முதல் 12 பேரின் உடல்களை ஆய்வு செய்தார்கள். 7 பேருக்குக் கால்களின் ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது அதை யாரும் சந்தேகிக்கவில்லை. 4 பேருக்கு அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததே மரணத்துக்கு நேரடிக் காரணம்.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலை, இன்ஃப்ளுயன்ஸாவில் இறந்த 7 பேரின் நுரையீரலோடு ஒப்பிட்டது. நுண்ணறைகளைச் சுற்றிய மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில் உறைவுகள் கொரோனாவில் 9 மடங்கு அதிகம். பழைய குழாய்கள் அடைபட்டதால் புதிய குழாய்கள் முளைத்திருந்தன. அதுவும் இன்ஃப்ளுயன்ஸாவைவிட 2.7 மடங்கு. நுரையீரல் ஓரளவு விரிந்தும் ஆக்சிஜன் ஏறாத நோயாளிகளின் புதிருக்கு ஒரு பகுதி விடை இதில் இருந்தது. காற்று வந்தாலும், அதை வாங்கிச் செல்லும் ரத்தம் ஓடவில்லை.

ஆகவே ஹெப்பாரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சிகிச்சையின் அங்கமானது. அதிலும் அளவு முக்கியம் என்று 2021-ல் தெரிந்தது. முழு அளவு ஹெப்பாரின், தீவிர நிலைக்குப் போகாத நோயாளிகளுக்குப் பலன் தந்தது. ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டவர்களுக்குத் தரவில்லை. இந்தச் சிகிச்சையில் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்போது கொடுக்கிறோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

கெண்டைச்சதை ஒன்றில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சிரைப்பு, மூச்சு இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், மயக்கம். நிமோனியாவிலிருந்து தேறி வருபவருக்கு இவற்றில் ஏதாவது தெரிந்தால், காலை வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

பூஞ்சைக்குத் திறந்த கதவு

2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ‘ரிகவரி’ ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு உயிர்காக்கும் என்று அறிவித்தது. தினமும் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாட்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் பலன் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியம் நம் நாட்டில் காற்றில் பறந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை எழுதிய சீட்டுகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய நாட்டில் இதன் விளைவு கருப்புப் பூஞ்சையாக வந்தது. 2021 மே 20 அன்று, இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடும் அப்படியே அறிவித்தது. பூஞ்சையை அழிக்கும் ஆம்போடெரிசின் பி மருந்துக்காக மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள்.

கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கியது. அந்த முகங்களைத்தான் நாம் செய்திகளில் பார்த்தோம். நுரையீரலுக்குள் புகுந்த பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை. அது ரத்தக்குழாய்களைத் துளைத்துக்கொண்டு போய்த் திசுவை அழுகவைத்துக் குழியாக்கும். நிமோனியா திரும்ப வந்துவிட்டது என்றே முதலில் தோன்றும்.

பூஞ்சை கொரோனாவோடு மட்டும் வருவதல்ல. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் இன்ஃப்ளுயன்ஸாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 432 பேரை ஆராய்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. 83 பேரின் நுரையீரலில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஊடுருவியிருந்தது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அவர்களில் பாதிப் பேர் 90 நாட்களுக்குள் இறந்தார்கள். பூஞ்சை இல்லாதவர்களில் இறந்தவர்கள் 28 சதவீதம். சாதாரண ஃப்ளூதானே என்று நாம் சொல்லும் நோயின் மறுபக்கம் இது.

பாக்டீரியாவும் இதே கதவால் வரும். 1918-ன் இன்ஃப்ளுயன்ஸா பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இறங்கிய காய்ச்சல் ஓரிரு நாள் கழித்து மறுபடி ஏறினால், அதைப் புதிய நோயாகவே கருதி மருத்துவரிடம் போக வேண்டும்.

தழும்பு நிற்குமா, மறையுமா?

அறைகளின் சுவர் ஆறும்போது, தோலில் காயம் ஆறுவதைப் போலவே நார்த்திசு படர்கிறது. அளவோடு படர்ந்தால் அது பழுதுபார்ப்பு. நிற்காமல் படர்ந்தால் நுரையீரல் விறைத்து, ஆக்சிஜன் கடந்துபோக முடியாத தழும்பாகிவிடும்.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பது ஆறுதல். 2003-ல் சார்ஸ் வந்த பெய்ஜிங் மருத்துவமனை ஊழியர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஸ்கேனில் தெரிந்த பாதிப்பு முதல் ஓராண்டுக்குள் பெருமளவு குறைந்தது. மிஞ்சிய சிறு பகுதி அதன்பின் ஏறக்குறைய அப்படியே நின்றது. முதல் ஓராண்டே குணமாகும் காலம் என்பதும், அந்தக் காலத்தில் மருத்துவக் கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதும் இதில் தெளிவாகிறது.

நம் பக்கத்துச் செய்தி அவ்வளவு ஆறுதலாக இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரல் செயல்திறனைப் பரிசோதித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டது. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடந்துபோகும் திறன் 44 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் முழுமையாக விரியவில்லை. ஐரோப்பியர்கள், சீனர்கள் மீது நடந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இந்தியர்களின் பாதிப்பு அதிகம் என்றும் அந்தக் குழு சுட்டிக்காட்டியது.

மிகச் சிலருக்குத் தழும்பு திரும்ப முடியாத எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2020 ஜூனில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனையில், இந்தியாவில் பிறந்த மருத்துவர் அங்கித் பரத்தின் குழு, கொரோனாவால் நுரையீரல் அழிந்த இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு இரு நுரையீரல்களையும் மாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் மருத்துவர் கே.ஆர்.பாலகிருஷ்ணனின் குழு, டெல்லியைச் சேர்ந்த 48 வயது நோயாளிக்கு இதைச் செய்தது. இது மாபெரும் சாதனை. ஆனால் மாற்று நுரையீரல் என்பது பலர் காத்திருக்கச் சிலருக்கே கிடைப்பது. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும், செலவும் பெரிது. மற்ற எல்லாருக்கும் வழி, அந்த எல்லைவரை போகாமல் தடுப்பதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரிட்டனின் மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதல் எளிமையானது. கடும் கொரோனா நிமோனியாவிலிருந்து மீண்டவரை 4 முதல் 6 வாரங்களில் ஒருமுறை பார்க்க வேண்டும். 12 வாரங்களில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரே தெளிவாகவில்லை என்றாலோ, மூச்சிரைப்பு நீடித்தாலோ நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. எந்த வைரஸால் வந்த கடும் நிமோனியாவுக்கும் இது நல்ல கால அட்டவணை.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. பல்ஸ் ஆக்சிமீட்டரை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். சிறிது நடக்கவைத்துப் பாருங்கள். ஓய்வில் சரியாக இருந்து, நடந்தால் அளவு இறங்கினால் நுரையீரல் இன்னும் தேறவில்லை. திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலி, கழுத்து வீக்கம், தோலுக்கடியில் நொறுநொறுப்பு, குரல் மாற்றம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கொரோனா காலத்தில் பலூன் ஊதுவதை வீட்டு வைத்தியமாகவே பலர் செய்தார்கள். காற்றுக் கசிவு ஏற்பட்டு ஆறியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. பாரம் தூக்குவதையும் முக்குவதையும் தவிர்க்க வேண்டும். கசிவு முழுதும் ஆறியதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்து, அதன்பின் குறைந்தது ஒரு வாரமாவது கழித்தே விமானப் பயணம். புகைப்பழக்கம் இருந்தால் அது அன்றோடு முடிய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நீட்டிக்கவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது. சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். முதியவர்களும் சர்க்கரை, இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி போட்டுக்கொள்வதையும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி பற்றிக் கேட்டறிவதையும் தள்ளிப்போடக் கூடாது. நிமோனியா கடுமையாகாமல் தடுத்துவிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலையே இல்லை.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பெருந்தொற்றின் உச்சத்தில் காட்டிய உழைப்பு மறக்க முடியாதது. ஆக்சிஜன் குழாய்களும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் மாவட்டங்கள்வரை போய்ச் சேர்ந்தன. இவை அனைத்தும் முதல் பாதிக்கான ஏற்பாடுகள். இரண்டாம் பாதிக்கும் அதே அக்கறை தேவை.

கடும் நிமோனியாவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும், எந்த அறிகுறி வந்தால் எங்கே வர வேண்டும் என்பதும், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியும் தமிழில் எழுதப்பட வேண்டும். அந்தத் தேதிக்கு வராதவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஒருவர் வேண்டும். வாயு கடந்துபோகும் திறனை அளக்கும் பரிசோதனை, பெருநகரங்களைத் தாண்டி மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்து, நிமோனியாவிலிருந்து மீண்டவர்களின் பட்டியலையும் கையில் தந்தால் போதும். பெரிய செலவில்லாமல் நாளையே தொடங்கலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் போராடி ஓர் உயிரைக் காப்பாற்றும் நாடு, அந்த உயிர் வீட்டுக்குப் போய் மாடிப்படி ஏற முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். ‘நெகட்டிவ்’ என்ற சொல்லோடு சிகிச்சை முடிவதில்லை. நோயாளி மூச்சிரைக்காமல் தன் வேலையைத் தானே செய்யும் நாளில்தான் அது முடிகிறது. அந்த நாள்வரை கூடவே நடப்பது மருத்துவத்தின் கடமை, அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.